பட்ஜெட் என்னும் தோல்பை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிப்ரவரி முதல் தேதி நெருங்கினால் செய்தி மேசையில் இரண்டு சண்டைகள் நிச்சயம். தலைப்பில் 'பட்ஜெட்' என்று போடுவதா, 'நிதிநிலை அறிக்கை' என்று போடுவதா என்பது முதல் சண்டை. அது ஓய்ந்ததும், யாராவது ஒருவர் "சரி, இந்தப் பட்ஜெட் எந்த ஊர்ச் சொல்?" என்று கேட்டு இரண்டாவதைத் தொடங்கிவைப்பார். பல வருடங்களாக மொழிபெயர்ப்பு மேசையில் உட்கார்ந்து இந்த இரண்டாவது கேள்விக்குத் துண்டுதுண்டாகச் சொன்ன பதில்களை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன்.

பட்ஜெட் ஆங்கிலச் சொல்தானே? இதில் லத்தீனும் பிரெஞ்சும் எங்கே வந்தன?

ஆங்கிலத்தில் அது குடியேறிய சொல். லத்தீனில் 'புல்கா' என்றால் தோல்பை. அது பழைய பிரெஞ்சில் 'பூஜ்' ஆனது. சிறியது என்று காட்டும் விகுதி சேர்ந்து 'பூஜெத்' ஆனது, அதாவது சின்னத் தோல்பை. 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அதே சின்னப் பைதான். அரசின் வரவு செலவு என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் ஒட்டிக்கொண்டது. முந்நூறு ஆண்டுகள் ஆங்கிலேயர்கள் பட்ஜெட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள்.

ரோமானியர்கள் அந்தப் பையில் என்ன வைத்திருந்தார்கள்?

காசு. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த லூசிலியஸ் என்ற அங்கதக் கவிஞரின் சில வரிகள், பிற்கால இலக்கணக்காரர் ஒருவர் மேற்கோள் காட்டியதால் பிழைத்திருக்கின்றன. அதில் ஒரு கஞ்சன் வருகிறான். அவனுக்குச் சுமை தூக்க மாடு குதிரை கிடையாது, அடிமை கிடையாது, துணைக்கு ஆளும் கிடையாது. இருப்பதெல்லாம் ஒரு புல்கா. பையோடு சாப்பிடுகிறான், பையோடு தூங்குகிறான், பையோடு குளிக்கிறான். அவனுடைய நம்பிக்கை முழுவதும் அந்த ஒரு பைக்குள் இருக்கிறது. அதைப் புயத்தில் கட்டி வைத்திருக்கிறான்.

இடுப்பில் செருகிய சுருக்குப்பையைத் தூக்கத்திலும் தடவிப் பார்க்கும் பாட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சிக்கு உரை தேவையில்லை. இன்று நிதியமைச்சர் கையில் இருப்பதன் முன்னோரை இந்தக் கஞ்சன் கையில் பார்ப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்படியானால் வேர்ச்சொல் லத்தீன் என்று முடித்துவிடலாமா?

முடியாது. லத்தீனே அதைக் கடன் வாங்கியது. பண்டைய லத்தீன் அகராதிக்காரரான ஃபெஸ்டஸ், தோலால் செய்த சிறு பைகளைக் காலியர்கள் 'புல்கா' என்று அழைக்கிறார்கள் என்று குறித்து வைத்திருக்கிறார். காலியர்கள் என்போர் இன்றைய பிரான்ஸிலும் வட இத்தாலியிலும் வாழ்ந்த கெல்டிய மக்கள். அவர்களுடைய தூரத்துச் சொந்தமான பழைய ஐரிஷ் மொழியிலும் 'போல்க்' என்றால் பை.

ஆகவே ரோமானியர்கள் காலியரிடமிருந்து பையையோ பையின் பெயரையோ, அல்லது இரண்டையுமோ எடுத்துக்கொண்டார்கள். பிறகு சீசர் வந்தார், காலியரின் நாடு ரோமின் கைக்குப் போனது. சில நூற்றாண்டுகளில் அங்குள்ள மக்கள் தங்கள் மொழியை மறந்து லத்தீன் பேசத் தொடங்கினார்கள். அந்த லத்தீன்தான் பின்னால் பிரெஞ்சாக மாறியது. காலியரின் சொல் காலியரின் மண்ணிலேயே லத்தீன் வேடத்தில் நீடித்தது.

'புல்கா' எப்படி 'பூஜ்' ஆகும்? எழுத்து ஒன்றுகூட ஒத்துவரவில்லையே?

முதல் எழுத்து ஒத்துவருகிறது, மற்றவையும் கணக்காகத்தான் மாறியிருக்கின்றன. சொல் வரலாற்றில் 'காதுக்கு ஒத்துப்போகிறது' என்பது சான்றாகாது. ஒரே மாற்றம் ஒரே சூழலில் வரும் பிற சொற்களிலும் நடந்திருக்க வேண்டும். இங்கே மூன்று மாற்றங்கள் நடந்தன.

மெய்யெழுத்துக்கு முன்னால் வரும் 'ல்' ஒலி பிரெஞ்சில் கரைந்து உகரமாகிவிடும். 'மற்றவன்' என்ற பொருளுடைய லத்தீன் 'அல்ட்டர்' பிரெஞ்சில் 'ஓத்ர்' ஆனது இப்படித்தான். இன்றும் அந்தச் சொல்லின் எழுத்துக்கூட்டலில் ஓர் உகரம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. 'புல்' அதே வழியில் 'பூ' ஆனது.

அடுத்தது 'கா'. லத்தீனில் அகரத்துக்கு முன் வரும் மெல்லிய ககரம் பிரெஞ்சில் ஜகரமாகும். கால் என்ற உறுப்பைக் குறிக்கும் 'கம்பா' பிரெஞ்சில் 'ஜாம்ப்' ஆனது. மகிழ்ச்சியைக் குறிக்கும் 'கௌதியா' 'ஜ்வா' ஆனது. ஆங்கிலத்தின் 'ஜாய்' அதிலிருந்து வந்தது.

கடைசி அகரம் தேய்ந்து ஒலியே இல்லாமல் போயிற்று. புல்கா, பூஜ்.

இதோடு சேர்ந்த 'எத்' என்ற சிறுமை விகுதியை நம்மூர்ப் பெட்டிக்கடையிலேயே பார்க்கலாம். சிகார் என்றால் பெரிய சுருட்டு, சிகரெட் என்றால் குட்டிச் சுருட்டு. சிகரெட்டின் வாலும் பட்ஜெட்டின் வாலும் ஒன்றுதான். இரண்டுமே குடும்பத்துக்குக் கேடு என்று எங்கள் மேசையில் ஒருவர் சொல்வார், அது வேறு விஷயம்.

இன்றைய பிரெஞ்சில் ஜகரம் மென்மையாக ஒலிக்குமே? நாம் ஏன் 'ட்ஜ' என்று அழுத்துகிறோம்?

நல்ல கேள்வி. இன்றைய பிரெஞ்சு ஜகரம், 'விஷன்', 'மெஷர்' என்ற ஆங்கிலச் சொற்களை ஆங்கிலேயர் சொல்லும்போது நடுவில் கேட்கும் மெல்லிய உரசல் ஒலி. பழைய பிரெஞ்சில் அப்படியில்லை. முன்னால் ஒரு டகரம் ஒட்டிய அழுத்தமான ஒலிதான் இருந்தது. 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆங்கிலத்துக்குள் வெள்ளமாகப் புகுந்த பிரெஞ்சுச் சொற்கள் இந்த அழுத்தத்தோடு வந்தன. பிரான்ஸில் 13ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்த டகரம் உதிர்ந்துவிட்டது. ஆங்கிலம் அதை விடவில்லை, பின்னால் வந்து சேர்ந்த பட்ஜெட்டையும் அதே அழுத்தத்தோடு சொன்னது. ஜட்ஜ், ஜாய், ஜஸ்டிஸ், பட்ஜெட் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ஆங்கிலத்திடமிருந்து நாம் வாங்கினோம். பாரிஸில் மறைந்துபோன ஓர் ஒலியைப் பரமக்குடி டீக்கடையில் பட்ஜெட் பற்றிப் பேசுகிறவர் உச்சரித்துக்கொண்டிருக்கிறார்.

ஆங்கிலம் இதை நேராக லத்தீனிலிருந்தே எடுத்திருக்கக் கூடாதா?

எடுத்திருந்தால் 'புல்' என்ற லகரம் மிஞ்சியிருக்கும், ககரமும் மிஞ்சியிருக்கும். நேராக வந்தவை பெரும்பாலும் லத்தீன் உடம்போடு இருக்கும், பிரெஞ்சு வழியாக வந்தவை இளைத்துப்போயிருக்கும். 'செக்யூர்', 'ஷ்யூர்' இரண்டுக்கும் தாய் ஒரே லத்தீன் சொல்தான். முன்னது ஏட்டிலிருந்து நேராக இறங்கியது, பின்னது பிரெஞ்சு வாய்களில் தேய்ந்து வந்தது. நம் இலக்கணக்காரர்கள் தற்சமம், தற்பவம் என்று பிரித்தார்களே, கிட்டத்தட்ட அதே கதை. கிருஷ்ணனும் கண்ணனும் போல.

இந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் உறவுக்காரர்கள் உண்டா?

உண்டு, அதுவும் சுவையான குடும்பம். உப்பி வெளியே தள்ளிக்கொண்டிருப்பதைச் சொல்லும் 'பல்ஜ்', பட்ஜெட்டின் உடன்பிறப்பு. அதுவும் முதலில் பை என்ற பொருளில்தான் ஆங்கிலத்துக்கு வந்தது. நிரம்பிய பையின் வயிறு பிறகு பொருளானது.

இன்னும் பின்னால் போனால், கெல்டிய மொழிகளும் ஜெர்மானிய மொழிகளும் பிரிவதற்கு முந்தைய ஒரு வேர் கிடைக்கிறது. பொருள், 'உப்புதல், வீங்குதல்'. கெல்டியப் பக்கம் அது தோல்பை ஆனது. ஜெர்மானியப் பக்கம் வயிற்றைக் குறிக்கும் 'பெல்லி' ஆகவும், கொல்லன் உலையில் காற்று ஊதும் 'பெல்லோஸ்' ஆகவும் ஆனது. பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டும் ஒரே சொல், அதன் பொருள் மறுபடியும் தோல்பைதான்.

இதைத் தமிழில் சொல்லும்போது எனக்கு ஒரு கூச்சமே வரும், ஏனென்றால் தமிழ் இதை எப்போதோ செய்து முடித்திருக்கிறது. கொல்லன் உலையில் ஊதுவது துருத்தி. தண்ணீர் கொண்டுபோகும் தோல்பையும் துருத்தி. தமிழ் பைபிளில் புதுத் திராட்சரசத்தைப் பழைய துருத்திகளில் வார்க்கக் கூடாது என்று வருவது அந்தத் தோல்பையைத்தான். சட்டைக்குள்ளிருந்து தொப்பை வெளியே தள்ளினால் துருத்திக்கொண்டிருக்கிறது என்கிறோம். பை, உலைத்துருத்தி, உப்பல், வயிறு எல்லாம் ஓரிடத்தில். இரண்டுக்கும் இரத்த உறவு எதுவும் இல்லை, தயவுசெய்து யாரும் அப்படிப் பரப்ப வேண்டாம். காற்றடைத்த ஆட்டுத்தோலைப் பார்த்த மனிதர்கள் எங்கிருந்தாலும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள், அவ்வளவே.

அசைவதைக் குறிக்கும் 'பட்ஜ்' என்ற ஆங்கில வினையும் இதே குடும்பமா?

இல்லை. அது 'கொதித்தல்' என்ற பொருளுடைய லத்தீன் வினையின் வழியில் வந்தது. கொதிக்கும் நீர் அசைகிறதல்லவா. மெழுகுவத்தியைக் குறிக்கும் பிரெஞ்சு 'பூஜி'யும் உறவில்லை. மெழுகு ஏற்றுமதி செய்த அல்ஜீரியத் துறைமுகமான பெஜாயாவின் பெயர் அது. ஒலி ஒற்றுமையை நம்பிக் குடும்ப மரம் வரைந்தால் இப்படித்தான் வேற்றாள் பந்தியில் உட்கார்ந்துவிடுவார்.

ஷேக்ஸ்பியர் காலத்தில் பட்ஜெட் என்றால் என்ன?

பாத்திரம் அடைத்து ஒட்டும் நாடோடித் தொழிலாளியின் பை. 'குளிர்காலக் கதை' நாடகத்தில் ஆட்டோலிகஸ் என்ற கில்லாடித் திருடன் பாடிக்கொண்டு வருகிறான். அவனுடைய பாட்டில் இந்தத் தொழிலாளிகள் 'பன்றித்தோல் பட்ஜெட்' சுமந்து போகிறார்கள். நம் தெருக்களில் ஈயம் பூசுகிறவர் துருத்தியும் கரியும் ஈயக்கட்டியும் கொண்டுவரும் மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பை என்ற பொருளிலிருந்து பையிலுள்ளது என்ற பொருளுக்கு நகர்வதும் அந்தக் காலத்தில்தான் நடந்தது. 'பட்ஜெட்டைத் திறந்தான்' என்றால் மனத்தில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டான் என்று பொருள். நாமும் 'பொய் மூட்டையை அவிழ்த்துவிட்டான்' என்கிறோமே. பின்னால் ஒரு கட்டுச் செய்திகளுக்கும் ஒரு தொகுப்புக் கட்டுரைகளுக்கும் 'பட்ஜெட்' என்று பெயர் வைத்தார்கள். இன்றும் அமெரிக்கச் செய்தி அறைகளில் அன்றைய செய்திகளின் பட்டியலுக்குப் பட்ஜெட் என்றே பெயர். பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நாடோடியின் பை எப்படி அரசாங்கக் கணக்காக மாறியது?

கேலியால். 1733இல் பிரிட்டனின் பிரதமர் நிலையில் இருந்தவர் ராபர்ட் வால்போல், நிதியும் அவர் கையில்தான். புகையிலைக்கும் மதுவுக்கும் துறைமுகத்தில் சுங்கம் வாங்குவதற்குப் பதிலாக, உள்நாட்டில் கிடங்குகளிலிருந்து வெளியே போகும்போது கலால் வரி வாங்கலாம் என்று அவர் திட்டமிட்டார். கடத்தல் குறையும், நில வரியைக் குறைக்க முடியும் என்பது அவருடைய கணக்கு. கணக்கு மோசமில்லை. ஆனால் கலால் என்றாலே அதிகாரிகள் கடைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் நுழைந்து சோதனை போடுவார்கள் என்ற பயம் மக்களிடம் இருந்தது. எதிரிகள் அதை ஊதிப் பெரிதாக்கினார்கள். அப்பம், இறைச்சி என்று எல்லாவற்றுக்கும் வரி வரப்போகிறது என்று பேச்சுக் கிளம்பியது.

அந்தச் சமயத்தில் 'பட்ஜெட் திறக்கப்பட்டது' என்ற துண்டு வெளியீடு ஒன்று வெளிவந்தது. வால்போலின் எதிரியான வில்லியம் புல்ட்னி எழுதியது என்று கருதப்படுகிறது. அதில் வால்போல், சந்தையில் மேடை போட்டு மருந்து விற்கும் போலி வைத்தியராக வருகிறார். கூட்டம் கூடியதும் தோல்பையைத் திறந்து, எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்று எடுத்து நீட்டுகிறார். பேருந்து நிலையத்தில் லேகியம் விற்பவர் முன்னால் நின்ற அனுபவம் இருப்பவர்களுக்கு இந்தக் கேலியின் கூர்மை புரியும். பைக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, திறப்பதற்கு முன் அவர் பேசும் பேச்சுதான் வியாபாரம்.

அந்த ஆண்டு ஏப்ரலில் வால்போல் திட்டத்தைக் கைவிட்டார். கேலிச் சொல் தங்கிவிட்டது. அதே நூற்றாண்டிலேயே நிதியமைச்சர் 'பட்ஜெட்டைத் திறக்கிறார்' என்பது சிரிப்பில்லாமல் சொல்லப்படும் நாடாளுமன்ற வழக்காகிவிட்டது. பலர் நினைப்பதுபோல் யாரும் கூட்டம் போட்டு வைத்த பெயரில்லை இது. பரிகாசப் பெயர் பட்டப்பெயராகி, பட்டப்பெயர் பதிவுப்பெயரானது.

பட்ஜெட் நாளன்று லண்டனில் நிதியமைச்சர் தூக்கிக் காட்டும் சிவப்புப் பெட்டியிலிருந்துதான் பெயர் வந்தது என்று படித்தேனே?

தலைகீழ். பெயர் 1733இலேயே வந்துவிட்டது. அன்றைய பிரிட்டிஷ் நிதியமைச்சர் கிளாட்ஸ்டனுக்காகச் செய்யப்பட்ட அந்தச் சிவப்புத் தோல் போர்த்திய மரப்பெட்டி சுமார் 1860ஐச் சேர்ந்தது. நூறு வருடத்துக்கு மேல் இடைவெளி. அந்தப் பெட்டியைப் பெரும்பாலான நிதியமைச்சர்கள் கைமாற்றிக் கைமாற்றிச் சுமந்தார்கள். கடைசியாக 2010இல் ஜார்ஜ் ஆஸ்போர்ன் தூக்கிக் காட்டினார்.

இந்திய நிதியமைச்சர்களும் தோல்பெட்டியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். 2019இல் நிர்மலா சீதாராமன் பெட்டிக்குப் பதிலாக, வடநாட்டு வணிகர்களின் கணக்கேடுபோல் சிவப்புத் துணியில் சுற்றிய தாள்கட்டோடு வந்தார். 2021 முதல் துணிக்குள் தாள்கட்டுக்குப் பதில் டேப்லெட். தோல் போய்விட்டது, சொல்லுக்குள் மட்டும் இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் இன்று தங்கள் பட்ஜெட்டை என்ன சொல்கிறார்கள்?

பட்ஜெட் என்றே. 'ப்யுட்ஜே' என்பதுபோல் உச்சரிக்கிறார்கள், கடைசி டகரம் ஒலிப்பதில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திடமிருந்து திரும்ப வாங்கினார்கள். தங்கள் வீட்டுப் பை என்று அடையாளம் தெரியாத அளவுக்கு அது மாறியிருந்தது. அவர்கள் விட்டுவிட்ட அந்தப் பழைய டகரமும் அதோடு திரும்பி வந்திருக்கிறது. டென்னிஸும் இப்படித்தான். பந்தை அடிக்குமுன் 'இந்தா, பிடி' என்ற பொருளில் சொல்லும் பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தில் விளையாட்டின் பெயராகி ஊர் திரும்பியது. டிக்கெட்டும் அந்த வழியே போய் வந்தது.

மற்ற நிதிச் சொற்களும் இப்படிப் பையும் பெட்டியுமா?

ஏறக்குறைய. 'ஃபிஸ்கல்' என்பதற்கு மூலம் லத்தீன் 'ஃபிஸ்குஸ்', பின்னப்பட்ட கூடை. காசுக் கூடையாகி, பேரரசரின் கருவூலமானது. 'பர்ஸ்', லத்தீன் 'புர்சா' வழி வந்த தோல்பை. பிரிட்டிஷ் நிதியமைச்சரின் பதவிப் பெயரில் வரும் 'எக்ஸ்செக்கர்', பழைய பிரெஞ்சில் சதுரங்கப் பலகை. கட்டம் போட்ட துணி விரித்த மேசையில் காய்களை நகர்த்தி 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசுக் கணக்கைப் பார்த்தார்கள். ஆக, பொருளாதாரப் பக்கங்களில் கம்பீரமாக வரும் 'ஃபிஸ்கல் பட்ஜெட்' என்ற தொடரைப் பிரித்தால் கூடைப் பை.

இந்தியாவுக்கு இந்தச் சொல் எப்போது வந்தது? தமிழில் எதை எழுத வேண்டும்?

முதல் இந்திய பட்ஜெட்டை 1860இல் ஜேம்ஸ் வில்சன் கல்கத்தாவில் தாக்கல் செய்தார். தொப்பித் தொழிலில் தொடங்கி, 'தி எகனாமிஸ்ட்' இதழை நிறுவிய ஸ்காட்லாந்துக்காரர் அவர். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு காலியாகியிருந்த கஜானாவை நிரப்ப வருமான வரியை அறிமுகப்படுத்தினார், சில மாதங்களில் அங்கேயே இறந்தும்போனார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பட்ஜெட் 1947 நவம்பர் 26 அன்று கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் கையிலிருந்து வந்தது.

அரசியலமைப்புச் சட்டத்தின் 112ஆம் பிரிவைத் திறந்து பார்த்தால் பட்ஜெட் என்ற சொல்லே இருக்காது. ஆண்டு நிதிநிலை அறிக்கை என்றுதான் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசும் அதன் வழியில் நிதிநிலை அறிக்கை என்கிறது. இலங்கைத் தமிழ் இதழ்கள் வரவு செலவுத் திட்டம் என்று எழுதுகின்றன. மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், கேட்டவுடன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் நான் எழுதுவது பட்ஜெட். 'இந்த மாதம் பட்ஜெட்டில் துண்டு விழுகிறது' என்று சொல்லும் குடும்பத் தலைவியிடம் போய் 'நிதிநிலை அறிக்கையில்' என்று திருத்த எனக்குத் துணிவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நிதிநிலை அறிக்கைக்கு எட்டு எழுத்து, பட்ஜெட்டுக்கு நான்கு. இரவு பத்தரை மணிக்கு, ஒற்றைப் பத்தித் தலைப்பில் இரண்டு வரிக்குள் வருமான வரிச் சலுகையையும் சேர்த்து அடைக்கச் சொல்லும்போது, எங்கள் மேசையின் முதல் சண்டை அந்த நான்கு எழுத்தில் முடிந்துவிடும்.